பொறாமை என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதனால் 'பொறாமை' என்ற சொல்லைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வரும். எழுத்துப் பிழையில் தொடங்கி, "எனக்கு வந்தது பொறாமைதானா?" என்பது வரை போகும். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பொறாமைன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

பிறருக்கு ஒரு நன்மை வாய்த்திருப்பதை மனம் தாங்கிக்கொள்ள முடியாமல் போவது. அந்த நன்மை செல்வமாக இருக்கலாம், அழகு, படிப்பு, பதவி, பேர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் பிரியமாகக்கூட இருக்கலாம். "தாங்க முடியாமல்" என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

பொறுமைக்கும் பொறாமைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா ஒரே மாதிரி ஒலிக்குதா?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் வேர் 'பொறு'. தாங்கு, சகித்துக்கொள், மன்னித்துவிடு என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. பொறு + மை என்றால் பொறுமை. நடுவில் எதிர்மறை காட்டும் 'ஆ' சேர்ந்து பொறு + ஆ + மை என்று வந்தால் பொறாமை. கல்லாமை, அஞ்சாமை எல்லாம் இப்படி அமைந்தவைதான். சுமை என்று பொருள்படும் 'பொறை', நாம் தினமும் சொல்லும் 'பொறுப்பு' இரண்டும் இதே குடும்பம்.

அப்படியானால் பொறாமையின் நேர்ப்பொருள் வெறும் 'தாங்காமை'. எதைத் தாங்காமை என்று அந்தச் சொல் தானாகச் சொல்லாது. பழைய உரைகளில் 'பிறர் ஆக்கம் பொறாமை' என்று எதைப் பொறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஆக்கம் என்றால் வளர்ச்சி, செல்வம். நாளாக நாளாக அந்த 'பிறர் ஆக்கம்' சொல்லாமலே விளங்கும் என்றாகி, பொறாமை மட்டும் தனியாக நின்றுவிட்டது. வெறுமனே தாங்க முடியாததைச் சொல்ல இன்று 'பொறுக்காமல்', 'பொறுக்க முடியாமை' என்று வேறு வடிவம் வைத்துக்கொண்டோம். "வலி பொறுக்காமல் அழுதான்" என்கிறோம், "வலி பொறாமல்" என்றால் இப்போது செய்யுள் போலத் தோன்றுகிறது.

திருக்குறளில் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. அடுத்த 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை, அதாவது பொறாமைப்படாமல் இருப்பது. பிறர் செய்த தீமையைத் தாங்குவதைப் பேசி முடித்த கையோடு, பிறருக்கு வந்த நன்மையைத் தாங்குவதைப் பேசுகிறது. எனக்கு இந்த வரிசையில் அளவில்லாத பிரியம். இரண்டாவதுதான் கடினம் என்று நினைக்கிறேன். நமக்குத் தீமை செய்தவரைப் பொறுத்துக்கொண்டால் நல்லவர் என்ற பேராவது கிடைக்கும். இன்னொருவரின் நன்மையைப் பொறுத்துக்கொள்வதை யாரும் பார்ப்பதுகூட இல்லை.

"கல்லாமை, முயலாமை, பொறாமை, இந்த ஆமைகள் வீட்டுக்குள் வரக்கூடாது"ன்னு மேடையில பேசுறாங்களே. அந்த ஆமைதானா இது?

இல்லை. அது கேட்க நன்றாக இருக்கும் சிலேடை, அவ்வளவுதான். மேலே சொன்னபடி எதிர்மறையைக் காட்டும் 'ஆ'வும் பெயராக்கும் 'மை'யும் அடுத்தடுத்து வருவதால் ஆமை போல ஒலிக்கிறது. 'ஆமை' எல்லாம் கெட்டது என்று எடுத்துக்கொண்டால் அஞ்சாமை, புறங்கூறாமை, கொல்லாமை எல்லாவற்றையும் விரட்ட வேண்டியிருக்கும்.

பொறாமையா, பொராமையா? பொறாமை படுகிறானா, பொறாமைப்படுகிறானா?

வல்லின றகரம்: பொறாமை. 'பொறு' என்ற வேரை நினைத்துக்கொண்டால் தவறு வராது. இடையின ரகரம் போட்ட 'பொரு' வேறு சொல். அதற்குப் போர் செய் என்று பொருள்.

'படு' சேரும்போது ஒற்று மிகும், ஒரே சொல்லாகவும் எழுதுவோம்: பொறாமைப்படு, ஆசைப்படு, கவலைப்படு. 'கொள்' வரும்போது மிகாது: பொறாமை கொண்டான், ஆசை கொண்டான். 'பொறாமையைக் கொண்டான்' என்பதில் ஐ உருபு மறைந்து நிற்பதால் அப்படி.

"நான் உன்னைப் பொறாமைப்படுகிறேன்" என்று எழுதலாமா? மொழிபெயர்ப்புகளில் பார்த்தேன்.

எழுதக்கூடாது. பொறாமைப்படுதல் ஒருவரை நேராகச் செய்யும் செயல் இல்லை, நமக்குள் ஏற்படும் நிலை. அதனால் 'உன்னை' என்று நின்றுவிட முடியாது. 'உன்னைப் பார்த்து', 'உன்னைக் கண்டு', 'உன் மேல்', 'உன் மீது' என்று வர வேண்டும். "அவளுடைய குரலைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன்" என்று காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேச்சில் இன்னும் இயல்பானது 'எனக்கு' என்று தொடங்குவது: "எனக்கு அவன் மேல பொறாமை", "உன்னைப் பார்த்தா பொறாமையா இருக்கு." பசியையும் தூக்கத்தையும் போல இதையும் நமக்கு நேர்வதாகவே பேசுகிறோம். கவனித்துப் பாருங்கள், "நான் பொறாமைப்படுகிறேன்" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்பது அரிது. "அவன் பொறாமைப்படுகிறான்" என்பதுதான் எங்கும் கேட்கும்.

திருக்குறளில் 'அழுக்காறு' என்றுதானே இருக்கு? அழுக்கு + ஆறு, அழுக்கான வழின்னு ஆசிரியர் சொன்னார்.

பொருள் பொறாமையேதான். அழுக்கான வழி என்பது மனத்தில் நிற்கும் விளக்கம், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உதவும். ஆனால் குறளிலேயே இந்தச் சொல் வினையாகவும் வருகிறது. 163ஆம் குறளில் 'பிறனாக்கம் பேணாது அழுக்கறுப்பான்' என்று இருக்கிறது. பிறர் வளர்ச்சியைப் போற்றாமல் பொறாமைப்படுபவன் என்று அர்த்தம். 'அழுக்கறு' என்று ஒரு வினை இருந்து, அதிலிருந்து 'அழுக்காறு' என்ற பெயர் வந்ததாகக் கொண்டால் எல்லா இடமும் பொருந்துகிறது. வழி என்ற பொருளை வைத்துக்கொண்டால் 'அழுக்கறுப்பான்' பொருந்தாது.

"அழுக்கற்று அகன்றாரும் இல்லை" என்ற குறளுக்கு "அழுக்கு இல்லாமல் உயர்ந்தவர் யாரும் இல்லை" என்று பொருள் சொல்லலாமா? அப்படித்தானே படிக்க வருது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கும். அப்படிப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். 170ஆம் குறள் இது:

"அழுக்கற்று அகன்றாரும் இல்லை அஃதுஇல்லார்
பெருக்கத்தில் தீர்ந்தாரும் இல்."

'குணமற்று', 'பணமற்று' என்று சொல்லிப் பழகியதால் 'அழுக்கற்று' என்பதையும் அழுக்கு இல்லாமல் என்று கண் படித்துவிடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன 'அழுக்கறு' என்ற வினையின் எச்சம் இது. அழுக்கற்று என்றால் பொறாமைப்பட்டு. பொறாமைப்பட்டுப் பெரியவர் ஆனவரும் இல்லை, அது இல்லாதவர் வளத்திலிருந்து விலகிப்போனதும் இல்லை என்பது பொருள். இரண்டாவது அடியில் 'அஃது இல்லார்' என்று வருவதைப் பிடித்துக்கொண்டால் போதும். முதல் அடியில் பொறாமை இருந்தால்தான் இங்கே 'அது இல்லாதவர்' என்று சொல்ல முடியும்.

பொறாமையே எதிர்மறைச் சொல் என்றால், "பொறாமை இல்லாமல் வாழ்" என்பது இரட்டை எதிர்மறை ஆகாதா?

இலக்கணப்படி உள்ளே ஒரு எதிர்மறை இருப்பது உண்மை. ஆனால் பொறாமை இப்போது தனி உணர்ச்சியின் பெயராக முழுதாக இறுகிவிட்டது. 'பொறாமை இல்லாமல்' என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. தயங்காமல் எழுதுங்கள்.

ஔவியம், அசூயை, மாற்சரியம், காழ்ப்பு... எல்லாம் பொறாமைக்கு மாற்றுச் சொல்தானா? எதை எங்கே போடறது?

ஔவியம் பொறாமையேதான். ஆத்திசூடியில் 'ஔவியம் பேசேல்' என்று சின்ன வயதில் படித்திருப்போம். அவ்வியம் என்றும் வரும். ஆத்திசூடிக்கு வெளியே இன்று அந்தச் சொல்லுக்கு வேலை குறைவு. அசூயை, மாற்சரியம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. அசூயையில் ஒரு தனி நிறம் உண்டு: அடுத்தவரிடம் இருக்கும் நல்ல குணத்திலேயே குற்றம் கண்டுபிடிப்பது. "நன்றாகப் பாடுகிறார், ஆனால் தலைக்கனம்" என்கிறோமே, அந்த 'ஆனால்'தான் அசூயை. மாற்சரியம் காமம், குரோதம், லோபம், மோகம், மதம் ஆகியவற்றோடு சேர்த்து ஆறாவதாக எண்ணப்படுவது. பக்தி, தத்துவம் பேசும் எழுத்தில் மட்டும் பார்க்கலாம்.

காழ்ப்பை மட்டும் மாற்றுச் சொல்லாகப் போடாதீர்கள். காழ் என்றால் மரத்தின் உள்வைரம். நாள்பட்டு இறுகிப்போன வெறுப்புதான் காழ்ப்பு. பொறாமையிலிருந்து அது பிறக்கலாம், பழைய சண்டையிலிருந்தும் பிறக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: கொச்சையாகச் சொல்லும் 'பொச்சரிப்பு' பொறாமைதான், ஆனால் இலக்கியத்தில் வரும் 'பொச்சாப்பு' மறதி. பொச்சாவாமை என்று திருக்குறளில் 54ஆம் அதிகாரமே இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்ட கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

வயிற்றெரிச்சலும் பொறாமையும் ஒண்ணா?

ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். "அவன் முன்னுக்கு வந்தது இவனுக்கு வயிற்றெரிச்சல்" என்றால் பொறாமை. "ஏழைகள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே" என்றால் அங்கே பொறாமைக்கு இடமே இல்லை. வஞ்சிக்கப்பட்டவரின் வேதனை அது. எழுதும்போது இந்த இரண்டாவது பொருள் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பை வைத்துப் பொறாமையைச் சொல்வதில் தமிழுக்குக் குறைவில்லை. வயிறு எரிகிறது, வயிறு காந்துகிறது, கண்ணை உறுத்துகிறது, இப்போது 'காதில் புகை வருகிறது' வரைக்கும் வந்திருக்கிறோம். பெரும்பாலும் எல்லாமே நெருப்புதான். அதனால்தான் பொறாமைப்பட்டவர் எதிர்பார்த்த கெடுதல் நடந்துவிட்டால் "இப்போ உனக்குக் குளிர்ந்துச்சா?" என்று கேட்கிறோம். அடுத்தவர் துன்பத்தில் வரும் மகிழ்ச்சிக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். தனிச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம், எரிந்தது குளிர்ந்தது என்று எழுதினாலே படிப்பவருக்குப் புரியும்.

கண் வைக்கிறதுன்னு சொல்றதும் பொறாமைதானே?

பக்கத்தில் இருக்கிறது. கண் வைப்பது பொறாமையோடு பார்ப்பது, அல்லது ஒன்றை அடைய நினைத்துப் பார்ப்பது. "அவன் அந்த நாற்காலி மேல கண் வச்சிருக்கான்" என்பது ஆசை மட்டுமே. பொறாமைக்கும் பார்வைக்கும் இருக்கும் இந்த உறவு தமிழில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தின் 'என்வி' லத்தீனில் 'இன்விதியா' என்ற சொல்லிலிருந்து வந்தது, அதன் உள்ளே 'பார்' என்ற வினை இருக்கிறது. அவர்கள் பார்வையிலிருந்து பெயர் வைத்தார்கள், நாம் தாங்க முடியாமையிலிருந்து வைத்திருக்கிறோம்.

அவன்கிட்ட இருக்கிறது எனக்கும் வேணும்னு தோணுது. இது பொறாமையா?

வேண்டும் என்று தோன்றுவது மட்டும் என்றால் அது ஆசை. கிடைக்காது என்று தெரிந்தும் மனம் அதையே சுற்றினால் ஏக்கம். அவனிடம் இருப்பதையே பறித்துக்கொள்ள நினைத்தால் வெஃகல், அதற்கு எதிராகத்தான் 18ஆம் அதிகாரம், வெஃகாமை. பொறாமை இந்த மூன்றிலும் அடங்காது. அவனிடம் இருப்பது உங்களுக்கு உறுத்துகிறதா என்பதுதான் கேள்வி. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று: அது உங்களுக்கும் கிடைத்துவிட்டது, அவனிடமும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நிம்மதியாக இருந்தால் உங்களுக்கு இருந்தது ஆசை. அவனிடம் இன்னும் இருக்கிறதே என்று குறுகுறுத்தால் பொறாமை.

166ஆம் குறளில் 'கொடுப்பது அழுக்கறுப்பான்' என்று ஒருவனைக் காட்டுகிறது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், இவன் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். கொடுக்கும் பொருள் இவனுடையது இல்லை. தனக்கு வேண்டும் என்று கேட்டதாகவும் குறளில் இல்லை. இன்னொருவர் பெறுவது பொறுக்கவில்லை, அவ்வளவே. ஆசை துளியும் கலக்காத பொறாமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஜெலஸுக்கும் பொறாமை, என்விக்கும் பொறாமை. ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

வழக்கில் ஆம், ஒரே சொல்தான். ஆனால் நிலைகள் வேறு. என்வியில் இரண்டு பேர்: அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஜெலஸில் மூன்று பேர்: என்னுடையவர் என்று நான் நினைக்கும் ஒருவர், நான், இடையில் வரும் இன்னொருவர். முன்னதில் இல்லாததன் வலி. பின்னதில் இருப்பது போய்விடுமோ என்ற அச்சம். தம்பி பிறந்ததும் அம்மா மடியை விட்டு இறங்க மறுக்கும் பிள்ளைக்கு இருப்பது பின்னது.

மொழிபெயர்ப்பவர்கள் இங்கே திணறுவது நியாயமே. பின்னதற்கு இடத்தைப் பார்த்து 'சந்தேகம்', 'பறிபோகும் பயம்', 'தனக்கே வேண்டும் என்ற பிடிவாதம்' என்று விரித்து எழுதுவதே நல்லது. காதலுக்குள் வருவது என்றால் 'ஊடல்', 'புலவி' என்ற பழைய சொற்கள் இருக்கின்றன. 1314ஆம் குறளில் காதலன் "யாரைவிடவும் நமக்குள் காதல் அதிகம்" என்கிறான். அவள் "யாரைவிட? யாரைவிட?" என்று ஊடுகிறாள். அங்கே பொறாமை என்ற சொல்லைப் போட்டால் அந்த இனிமை போய்விடும். ஊடலில் அன்பு முன்னால் நிற்கும். பொறாமை என்று எழுதினால் அது கண்ணில் படாது.

வேலை கிடைச்சதைச் சொன்னதும் தோழி "செம பொறாமையா இருக்கு"ன்னா. நான் வருத்தப்படணுமா?

வேண்டாம். முகத்துக்கு நேரே சொல்லப்படும் பொறாமை பெரும்பாலும் பாராட்டு. உண்மையான பொறாமை மூடி மறைக்கவே பார்க்கும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லும் வழக்கம் பரவியதும் இந்தப் பயன்பாடு பெருகியதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இதே உணர்ச்சிக்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் அழகான சொல் உண்டு: "நீ கொடுத்து வைத்தவள்." எனக்கு இல்லை என்ற சிறு ஏக்கமும் அதில் இருக்கிறது, உனக்குக் கிடைத்தது தகும் என்ற ஒப்புதலும் இருக்கிறது. கதையில் நல்ல மனத்தோடு ஒரு பாத்திரம் இதைச் சொல்ல வேண்டியிருந்தால், 'பொறாமையாக இருக்கிறது' என்பதைவிட இதையே நான் எழுதச் சொல்வேன்.

நல்ல பொறாமைன்னு ஒண்ணு இருக்கா?

சொல்லின் வேரை வைத்துப் பார்த்தால் இல்லை. தாங்க முடியாமையில் நல்லது கெட்டது பிரிக்க முடியாது. அடுத்தவரைப் பார்த்து நாமும் உயர வேண்டும் என்று எழுவதை 'நல்ல பொறாமை' என்கிறார்கள். அதற்கு ஊக்கம், முனைப்பு, ஆரோக்கியமான போட்டி என்று சொல்லலாமே. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் இந்த இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தார். பொறாமைக்காரர் அடுத்தவரிடம் அந்த நன்மை இருக்கக்கூடாது என்று பார்க்கிறார், முனைப்புள்ளவர் தனக்கும் வரும்படி பார்க்கிறார். ஜெலஸ் என்ற சொல்லின் மூலம், அவர் முனைப்புக்கு வைத்த அந்தக் கிரேக்கப் பெயர்தான். சொற்கள் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்கின்றன, பாருங்கள்.

பொறாமை குணமா, வந்து போற உணர்ச்சியா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பொறாமையை மெய்ப்பாடுகளின் பட்டியலில் வைக்கிறது: "கையாறு இடுக்கண் பொச்சாப்புப் பொறாமை" என்று அந்த வரி போகும். மெய்ப்பாடு என்றால் உள்ளே எழுந்து உடம்பில் தெரிவது. அந்த வகையில் அது வந்து போவது. இன்றைய வழக்கில் 'பொறாமைப்பட்டார்' என்பது ஒருமுறை நேர்ந்ததைச் சொல்கிறது, 'பொறாமைக்காரர்' என்பது ஆளையே முத்திரை குத்துகிறது. ஒருமுறை முகம் சுருங்கியதற்காக ஒருவரைப் பொறாமைக்காரர் என்று எழுதுவது பெரிய அநியாயம்.

தகுதியே இல்லாத ஒருத்தருக்குப் பதவி கொடுத்தாங்க. நான் கேட்டா "உனக்குப் பொறாமை"ங்கிறாங்க. எனக்கு இருக்கிறது பொறாமையா, கோபமா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள், குரல் தழுதழுக்கவும் கேட்டிருக்கிறார்கள். ஆசைக்குச் சொன்ன சோதனையை இங்கே கொஞ்சம் மாற்றிப் போடலாம். அதே பதவி உங்களுக்கு வராமல், தகுதியுள்ள மூன்றாவது ஒருவருக்குப் போயிருந்தால் மனம் ஆறியிருக்குமா? ஆறியிருக்கும் என்றால் உங்களுக்கு இருப்பது நியாயம் தவறியதன் கொதிப்பு. ஆதங்கம், மனக்கொதிப்பு, அறச்சீற்றம் என்று அளவைப் பொறுத்துச் சொல்லுங்கள். அப்போதும் ஆறியிருக்காது என்றால் பொறாமையும் கலந்திருக்கிறது. இரண்டும் ஒரே மனத்தில் ஒன்றாக இருப்பதும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க 'பொறாமை' என்ற சொல்லைப் போல வசதியானது வேறில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவரின் மனத்தைப் பற்றிப் பேச அது வழி செய்கிறது. உங்களுக்குப் பொறாமையே இருந்தாலும், தகுதி இல்லாதவருக்கு ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். 169ஆம் குறளும் பொறாமை நெஞ்சம் உடையவன் வளர்வதும் நேர்மையானவன் கெடுவதும் 'நினைக்கப்படும்' என்கிறது. ஏன் இப்படி நடக்கிறது என்று ஆராயப்பட வேண்டியது என்றே அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அந்த ஆராய்ச்சியைப் பொறாமை என்று அது தள்ளவில்லை.

என் பையன் "பொறாமைன்னா என்னம்மா?"ன்னு கேட்கிறான். எப்படிச் சொல்றது?

"உன் நண்பனுக்குப் பரிசு கிடைச்சப்போ உனக்கு ஒரு மாதிரி இருந்துச்சே, கை தட்டவே மனசு வரலையே, அதுதான்" என்று சொல்லுங்கள். அது வந்ததற்காகத் திட்ட வேண்டாம். ஆத்திசூடியில்கூட ஔவியம் 'பேசேல்' என்றுதான் இருக்கிறது. உள்ளே எழுந்ததை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதை வைத்து நண்பனைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசிவிடாதே என்பதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அந்த வயதுக்கு இவ்வளவு போதும்.